விழுறதுக்கு ஓர் இடம்

1965ஆம் ஆண்டு நத்தார் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்றொரு ஊர். வெளியில் பனி கொட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குள்ளே பிள்ளைகளின் சத்தம் தாங்க முடியவில்லை. தாய் கர்ப்பமாக இருந்ததால், பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியில் கூட்டிக்கொண்டு போகவேண்டிய பொறுப்பு தகப்பனுக்கு. ஷெர்மன் பொப்பன் என்ற அந்த மனிதர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூட்டி, மகளை அதன்மேல் பக்கவாட்டாக நிற்கவைத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டிலிருந்து விட்டார். பிள்ளை கடலில் அலைச்சறுக்குப் பலகையில் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டு வழுக்கிப் போனது.

அந்தக் கட்டைக்கு பொப்பனின் மனைவி வைத்த பெயர் ஸ்னர்ஃபர். ஸ்னோவும் சேர்ஃபரும் ஒட்டிய சொல். கொஞ்சக் காலத்தில் பிரன்ஸ்விக் என்ற கம்பனி அதை விளையாட்டுச் சாமானாகச் செய்து விற்கத் தொடங்கியது. காலைக் கட்டுகிற பட்டி கிடையாது. முன் நுனியில் ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கவேண்டியதுதான். ஸ்னோபோர்டிங்கின் வரலாற்றை எழுதுகிற எல்லாரும் இந்த நாளைச் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு நாங்க ஏன் இதைப் பற்றிக் கதைக்கோணும்? எங்களுக்குத் தெரிஞ்ச பனி ஃப்ரிஜ்ஜுக்குள்ள இருக்கிறதுதானே.

காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஸ்னோபோர்ட் என்பது கடலில் பிறந்த ஒரு பழக்கம் மலைக்கு ஏறிய கதை. சேர்ஃப், ஸ்கேட், ஸ்னோ மூன்றும் ஒரே குடும்பம். இடது காலை முன்னுக்கு வைத்து நின்றால் ரெகுலர், வலது காலை வைத்தால் கூஃபி என்ற சொற்கள்கூட மூன்றுக்கும் பொது. அந்தக் குடும்பத்தின் ஒரு வீடு எங்கட நாட்டிலும் இருக்கிறது. பொத்துவிலுக்குப் பக்கத்தில், அறுகம்குடாவில்.

இந்த விளையாட்டுகளின் வரலாற்றை வழமையாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, எந்த ஆண்டு யார் என்ன வித்தை காட்டினார் என்ற பட்டியல். மற்றது, உடுப்பின் கதை: ஒரு காலம் இறுக்கம், ஒரு காலம் தொளதொள. இரண்டும் சுவாரசியம்தான். ஆனால் இரண்டுக்கும் அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. பலகையில் நிற்கப் பழகுகிற ஒருவர் நூறு தரம் விழவேண்டும். விழுவதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், விழும்போது சிரிக்காத, துரத்தாத ஒரு சூழல் வேண்டும். யாருக்கு அந்த இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் ஸ்டைலையே முடிவுசெய்தது. இந்தக் கட்டுரை அந்த வழியில் போகிறது.

இரவில் ஏறிய மலை

1977இல் ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்டர் என்ற இளைஞர் நியூயோர்க்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வெர்மொன்ட் மாநிலத்துக்குப் போய்ப் பலகை செய்யத் தொடங்கினார். சின்ன வயதில் ஸ்னர்ஃபரில் வழுக்கியவர். அதில் காலைப் பிணைக்கப் பட்டி பூட்டினால் உண்மையாகவே திருப்பி ஓட்டலாம் என்பது அவருடைய எண்ணம். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு அப்படியொரு பலகையோடு போனார். விதிக்குப் பொருந்தாது என்று பேச்சு வர, அவருக்காகவே ஒரு திறந்த பிரிவை உண்டாக்கினார்கள். அதில் அவரே வென்றார்.

மறுகரையில், கலிஃபோர்னியாவில், டொம் சிம்ஸ். இவர் ஸ்கேட்போர்டில் சாம்பியன். 1960களிலேயே பாடசாலைத் தச்சு வகுப்பில் பனியில் ஓட்ட ஒரு பலகை செய்தவர். யூட்டா மாநிலத்தில் டிமிட்ரியே மிலோவிச் என்பவர் சேர்ஃப் பலகையின் வடிவத்தை அப்படியே பனிக்குக் கொண்டுவந்து வின்டர்ஸ்டிக் என்ற பெயரில் விற்றார். யார் முதல் கண்டுபிடித்தது என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. உண்மையில் பல ஊர்களில், பல பேர், ஒரே நேரத்தில், ஒரே ஆசையோடு இருந்தார்கள்.

ஆனால் ஓட்டுவதற்கு மலை எங்கே? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான பனிச்சறுக்கு நிலையங்கள் ஸ்னோபோர்டை உள்ளே விடவில்லை. காப்புறுதிப் பிரச்சினை என்றார்கள், ஆபத்து என்றார்கள். பனிச்சறுக்கு என்பது காசுள்ள குடும்பங்களின் விளையாட்டு. அங்கே கிழிஞ்ச ஜீன்ஸோட ஒரு கூட்டம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் பிடிக்குமா? ஆகவே இவர்கள் லிஃப்ட் நின்ற பிறகு இரவில் நடந்து மலையேறினார்கள். மூடிய மலையில் விழுந்து விழுந்து பழகினார்கள்.

1982இல் வெர்மொன்டில் சூயிசைட் சிக்ஸ் என்ற சிறிய மலையில் முதலாவது தேசிய மட்டப் போட்டி நடந்தது. 1983இல் அதே மாநிலத்தின் ஸ்ட்ரட்டன் மலை ஸ்னோபோர்டுக்குக் கதவைத் திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற நிலையங்களும் திறந்தன. மனம் மாறியதால் மட்டுமல்ல, பனிச்சறுக்கில் இளம் ஆட்கள் குறைந்துகொண்டு போக, டிக்கெட் விற்கவேண்டியிருந்தது. இன்றைக்கும் ஆல்டா, டியர் வெலி, மேட் ரிவர் க்ளென் என்ற மூன்று அமெரிக்க நிலையங்கள் ஸ்னோபோர்டை அனுமதிப்பதில்லை.

நீச்சல் தடாகமும் குப்பைமேடும்

இனி ஸ்டைலுக்கு வருவம்.

1960களின் நடுப்பகுதிவரை சேர்ஃப் பலகை நீளம், பாரம். அதில் நிமிர்ந்து நின்று, முன் நுனிவரை நடந்து போவதுதான் அழகு. 1967 அளவில் பலகைகள் குறுகத் தொடங்கின. குறுகிய பலகை சட்டென்று திரும்பும். அதனால் உடம்பும் குனிந்தது. 1970களில் ஹவாயின் லரி பேர்ட்டல்மன் அலையின் சுவரைக் கையால் தொடுமளவுக்குக் குனிந்து திரும்பினார். அதைப் பார்த்த கலிஃபோர்னியாவின் சான்டா மொனிக்கா, வெனிஸ் பகுதிப் பெடியள் அதே குனிவைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஸெஃபிர் என்ற சேர்ஃப் கடையின் பெயரால் ஸீ-போய்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தக் குழு 1975இல் டெல் மார் ஸ்கேட் போட்டிக்குப் போனபோது, மற்றவர்கள் நிமிர்ந்து நின்று வித்தை காட்டிக்கொண்டிருக்க, இவர்கள் நிலத்தைக் கையால் தடவிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழுவில் பெகி ஓகி என்ற பெண்ணும் இருந்தார்.

அடுத்து 1976, 77இல் கலிஃபோர்னியாவில் கடும் வரட்சி. வீட்டு நீச்சல் தடாகங்கள் வற்றிக் கிடந்தன. பெடியள் மதில் ஏறிக் குதித்து அந்த வெறும் தடாகங்களுக்குள் ஸ்கேட் ஓட்டினார்கள். பொலிஸ் வந்தால் ஓட்டம். தடாகத்தின் வளைந்த சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, காற்றில் எழும்புகிற பழக்கம் அங்கேதான் பிறந்தது. யோசிச்சுப் பாருங்க: ஒரு நாட்டுக்குத் தண்ணி இல்லாமல் போனதால ஒரு விளையாட்டுக்குச் சிறகு முளைச்சிருக்கு.

பனியிலும் அதே. 1979 அளவில் டாஹோ ஏரிப் பக்கத்தில் ஒரு குப்பைமேட்டுக்கு அருகே இயற்கையாகவே அமைந்த ஒரு பள்ளத்தைச் சில பெடியள் கண்டுபிடித்தார்கள். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பனி. ஸ்கேட் தடாகத்தில் செய்வதை இங்கே செய்து பார்த்தார்கள். இன்றைக்கு ஒலிம்பிக்கில் கோடிக்கணக்கான மக்கள் பார்க்கும் ஹாஃப்பைப்பின் மூதாதை அந்தக் குப்பைமேட்டுப் பள்ளம். 1983இல் டொம் சிம்ஸ் சோடா ஸ்பிரிங்ஸில் நடத்திய உலகப் போட்டியில் ஹாஃப்பைப்பும் ஒரு பிரிவாக வந்தது. வேகப் பந்தயத்துக்குப் பழகியிருந்த கிழக்குக் கரைக்காரர்கள் முறுகினார்கள். வேகமா, வித்தையா என்ற அந்தத் தகராறில் கடைசியில் வென்றது வித்தை.

அதோடு உடுப்பும் மாறியது. 1980களின் பிற்பகுதியில் கண் கூசும் நிறங்களில் இறுக்கமான உடுப்பு. 1990களின் தொடக்கத்தில் எல்லாம் தலைகீழ்: பெரிய சைஸ் காற்சட்டை, கட்டம்போட்ட சட்டை, கம்பளித் தொப்பி. ஸ்கேட் தெருவிலிருந்து நேரே மலைக்கு வந்த கோலம். மலையையே தெருவாக நினைத்து, விழுந்த மரத்திலும் இரும்புக் கைப்பிடியிலும் வழுக்கிப் போகத் தொடங்கினார்கள். பனிச்சறுக்குக்காரர்களின் பார்வையில் இவர்கள் காவாலிகள். அந்தப் பெயரை இவர்கள் சந்தோசமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விலக்கப்பட்டவர் என்பது ஒரு கட்டத்தில் விற்பனைக்கு நல்ல அடையாளம்.

நகானோவுக்குப் பிறகு

1998இல் ஜப்பானின் நகானோ நகரில் ஸ்னோபோர்ட் ஒலிம்பிக்குக்கு வந்தது. வந்த விதத்தில் ஒரு கோபம் இருந்தது. ஸ்னோபோர்டுக்கென்று சொந்தச் சம்மேளனம் இருந்தும், ஒலிம்பிக் குழு பொறுப்பைக் கொடுத்தது சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்திடம். மலையிலிருந்து துரத்திய பனிச்சறுக்கு உலகத்திடமே சாவி. அக்காலத்தின் மிகச் சிறந்தவர் என்று பலரும் ஏற்றுக்கொண்ட நோர்வேயின் தேரியே ஹோகன்சன் போட்டிக்குப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டார். போனவர்களில் கனடாவின் ரொஸ் ரெபக்லியாட்டி தங்கம் வென்றார். பரிசோதனையில் கஞ்சாவின் தடயம் தெரிய, பதக்கத்தைப் பறித்தார்கள். அப்போது கஞ்சா தடைப் பட்டியலில் இல்லாததால் திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய மேடைக்கு வந்த முதல் வருசமே இப்படி.

அதற்குப் பிறகு எண்களின் காலம். 2010இல் அமெரிக்காவின் ஷோன் வைட் காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுற்றினார், அதை 1260 பாகை என்று எண்ணுவார்கள். 2022இல் ஜப்பானின் அயுமு ஹிரானோ தலைகீழாக மூன்று தரம் புரண்டு, நாலு முழுச் சுற்று, அதாவது 1440 பாகை, சுற்றித் தங்கம் வென்றார். காற்றுப் பைகளின் மேல் விழுந்து பழகலாம், பயிற்சியாளர் இருக்கிறார், காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உடம்பு செய்யக்கூடியதன் எல்லை தள்ளிப்போயிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய ஆட்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: சுற்று எண்ணலாம், ஸ்டைலை எப்படி எண்ணுவது? ஒரே வித்தையை இரண்டு பேர் செய்தால் ஒருவருடையது பார்க்க லேசாக இருக்கும், மற்றவருடையது முக்கி முனகிச் செய்த மாதிரி இருக்கும். பரதம் பார்க்கிற ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நல்ல மாற்றமும் உண்டு. முன் கையால் பலகையைப் பிடிக்கும் ஒரு பிடிக்கு நாற்பது வருசமாக 'மியூட்', அதாவது ஊமை, என்றே பெயர். அதைக் கொண்டுவந்த கிறிஸ் வெடில் செவிப்புலன் அற்றவர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. 2020இல் ஸ்கேட்டின் மிகப் பெரிய நட்சத்திரமான டொனி ஹோக் அதை இனி 'வெடில்' பிடி என்று அழைப்போம் என்றார். ஒரு கலாசாரம் வளர்ந்ததற்கு 1440 பாகையைவிட இது நல்ல அடையாளம் என்று எனக்குப் படுகிறது.

கடலுக்குத் திரும்புவம்

இவ்வளவுக்கும் தாய் கடல். ஹவாயில் பிரபுக்களும் சாதாரண சனமும், ஆண்களும் பெண்களும் அலைச்சறுக்கினார்கள். 1820இல் மிஷனரிகள் வந்தபிறகு அது ஒழுக்கக்கேடாகப் பார்க்கப்பட்டது. வெளியார் கொண்டுவந்த நோய்களால் சனத்தொகையே சரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அலைச்சறுக்கு அருகிப்போயிருந்தது. பிறகு அதை உலகத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாயர் டியூக் கஹானமோக்கு. ஹவாயர்களிடமிருந்து கிட்டத்தட்டப் பறிபோன ஒன்று, கலிஃபோர்னியாவின் பொன்னிறத் தலைமயிர்ப் பெடியன்களின் விளையாட்டாக எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எங்கட கடலுக்கும் அலையில் நிற்கத் தெரியும். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தின் கட்டமரான். நாலு மரத்தைக் கயிற்றால் பிணைத்து, உடைகிற அலையைத் தாண்டிப் போய், திரும்பும்போது அலையின் முதுகிலேயே கரைக்கு வருகிறவர்கள் எங்கட கரையோரச் சனம். அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை. அது தொழில். தொழிலுக்கு யாரும் ஸ்டைல் புள்ளி போடுவதில்லை.

அறுகம்குடாவில் இந்த இரண்டும் சந்தித்தன. 1970களில் வெளிநாட்டு அலைச்சறுக்காளர் அந்தக் கரையைத் தேடி வரத் தொடங்கினார்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை, அங்கே முனையைச் சுற்றி வலப்பக்கமாக நீளமாக உடைகிற அலை கிடைக்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அக்கம்பக்கமாக வாழ்கிற, மீனும் வயலும் நம்பிய ஊர். வந்தவர்கள் விட்டுப்போன, உடைந்த பலகைகளை ஒட்டிப் பழுதுபார்த்துத்தான் ஊர்ப் பெடியள் முதலில் ஏறினார்கள். அலை படிக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சேர்ஃப் வரைபடத்தில் இன்னொரு பெயரும் இருக்கு: ஒக்கண்ட பொயின்ட். எங்கட ஆட்களுக்கு அது உகந்தமலை முருகன் கோயில். வடக்கிலிருந்து கரையோரமாக நடந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர் தங்குகிற இடம். ஆடி உற்சவக் காலமும் நல்ல அலைக் காலமும் ஒன்றாக வரும். ஒரே கரையில் காவியும் பலகையும். ஒருவர் மற்றவரின் வரைபடத்தைப் பார்த்ததே இல்லை.

பிறகு யுத்தம். சோதனைச் சாவடிகளுக்கும் முகாம்களுக்கும் நடுவில்தான் அந்தக் கரையின் பல பருவங்கள் போயின. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. அந்தக் கரை சிதைந்தது. உயிர்ச்சேதத்துக்குப் பிறகு வந்த அடி வேறு விதம். அரசு கரையோரத் தடை வலயம் அறிவித்தது: கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. உல்லாசத்துறைக் கட்டடங்களுக்கு விலக்கு இருந்தது. மீனவர்கள் தங்கள் வாடிகளையும் வீடுகளையும் திரும்பப் போட முடியாமல் தெருவில் இறங்கினார்கள். நயோமி க்ளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ட்ரின்' புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இந்தக் கரையைப் பற்றியது. பேரழிவைச் சாட்டாக வைத்துக் கரையைச் சனத்திடமிருந்து துடைத்தெடுப்பதை அவர் இரண்டாவது சுனாமி என்கிறார்.

இதைச் சேர்ஃப் வரலாற்றுக்குள் ஏன் சேர்க்கிறேன்? மலைக்குப் போக விடாதபோது பேர்ட்டன் இரவில் ஏறினார். தடாகத்துக்குப் பெடியள் மதில் பாய்ந்தார்கள். அவர்கள் விட்டுப் போனது ஒரு பொழுதுபோக்கை. இங்கே கரை போனால் தொழில், வீடு, கடல் மூன்றும் போகும். அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊர்க் கரையில் ஹோட்டல்காரனின் விருந்தாளியாக நிற்கவேண்டி வரும். அப்படி நின்ற கரையில் ஸ்டைல் யாருடையது?

யுத்தம் முடிந்த அடுத்த வருசம், 2010இல், ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் அனுசரணையில் அங்கே சர்வதேசப் போட்டி நடந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்த 2019இன் செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்று ஒன்று. இரண்டு தரமும் நாடு உலகத்துக்குச் சொல்ல விரும்பியது ஒன்றே: இப்ப எல்லாம் சரி, வாங்கோ. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவுக்குப் போகவேண்டாம் என்று தன் பிரஜைகளை எச்சரிக்க, கரை முழுக்கப் பொலிஸ். தூரத்து யுத்தங்களும் அந்தச் சின்னக் குடாவுக்கு வந்து சேர்கின்றன.

சட்டை போட்ட பிள்ளைகள்

இவ்வளவு கதையிலும் ஒன்றைக் கவனிச்சிருப்பீங்க. விட்டுப்போன பலகையை எடுத்து ஏறியவர்கள் எல்லாம் பெடியள். அதே வீட்டுப் பெட்டைகள் எங்கே?

கடல் பக்கத்திலேயே பிறந்து, கடலுக்குள் முழங்காலுக்கு மேல் இறங்காத பெண்கள் அந்தக் கரையில் ஏராளம். கறுத்துப் போவாய், ஆக்கள் என்ன சொல்லுவினம், நனைஞ்ச உடுப்போட எப்படி ரோட்டால வாறது, கலியாணம்? இந்த வசனங்களைக் கேட்க அறுகம்குடாவுக்குப் போகத் தேவையில்லை. 2018இல் அங்கே அறுகம் பே பெண்கள் சேர்ஃப் கழகம் தொடங்கியது. நாட்டில் பெண்களுக்கென்று தொடங்கிய முதல் சேர்ஃப் கழகம் அது. அதை முன்னின்று நடத்தியவர் ஷமலி சஞ்சயா, தகப்பனும் அண்ணனும் அலைச்சறுக்கியதைக் கரையில் நின்று பார்த்து வளர்ந்தவர். வெவ்வேறு சமூகப் பெண்கள், தாய்மாரும் உட்பட, சேர்ந்து இறங்குகிறார்கள். கழகம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு பெறுமதி உண்டு. தனியே ஒரு பெண் அலையில் விழுந்தால் ஊர் பார்க்கும். பத்துப் பெண்கள் சேர்ந்து விழுந்தால் அது பயிற்சி.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதை நடக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு பழக்க, 2012 அளவில் அது ஒரு சேர்ஃப் பள்ளியாக வளர்ந்தது. இன்னும் தெற்கே மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி. சின்னப் பிள்ளையாக, சட்டை போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சரிவில் இறங்கிய அவருடைய படத்தை டொனி ஹோக் பகிர, உலகம் பார்த்தது. அவரையும் அவரைத் தனியே வளர்த்த தாயையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கமலி இப்போது அலையிலும் போட்டியிடுகிறார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரேசிலில் ஹைஸா லியால் என்ற ஏழு வயதுப் பிள்ளை நீலத் தேவதைச் சட்டை போட்டுப் படிக்கட்டுக்கு மேலால் ஸ்கேட் பாய்ந்த காணொளி பரவியது. அதையும் டொனி ஹோக் பகிர்ந்தார். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஸ்கேட்டும் சேர்ஃபும் முதல் தடவையாகச் சேர்ந்தபோது, பெண்கள் தெரு ஸ்கேட் பிரிவில் 13 வயது மொமிஜி நிஷியா தங்கம், 13 வயது ஹைஸா வெள்ளி, 16 வயது ஃபுனா நகயாமா வெண்கலம்.

தொளதொளக் காற்சட்டைதான் ஸ்டைல் என்று முப்பது வருசம் பெடியள் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், சட்டை போட்ட இரண்டு சின்னப் பிள்ளைகள் அந்தப் படத்தையே மாற்றிவிட்டார்கள். புது வித்தையால் அல்ல. அந்த உடுப்போட, அந்த உடம்போட, எல்லாரும் பார்க்க விழுந்து எழும்பினதால.

கொழும்பில் என்ன?

வெள்ளவத்தைக்காரருக்குக் கடல் என்றால் மரைன் டிரைவில் நின்று பார்க்கிறது. இடையில் ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கல். கொட்டாஞ்சேனையில் கடல் துறைமுகச் சுவருக்குப் பின்னால். எங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? வெள்ளவத்தைக் கரையிலேயே கின்ரோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் இருக்கிறது. ஆனால் எங்கட வீடுகளில் ரியூசன் அட்டவணை பிள்ளை பத்து வயதாகும் முன்பே நிரம்பிவிடும். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு மகளின் சைக்கிள் கராஜில் நிற்கும்.

விழுவது என்பது எங்களுக்குப் பயம் மட்டுமில்லை, வெட்கமும். யுத்தத்தில் எவ்வளவோ இழந்த குடும்பங்கள் பிள்ளையின் முழங்காலில் சிராய்ப்பைக்கூடத் தாங்க மாட்டார்கள். அது விளங்குகிறது. அந்தப் பயத்தைக் கேலி செய்கிற உரிமை யாருக்கும் இல்லை. ஆனாலும் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு தலைமுறையை நிரந்தரமாகக் கரையில் நிற்கவைத்தால், அவர்கள் பார்ப்பதெல்லாம் மற்றவர்களின் ஸ்டைலாகத்தான் இருக்கும். உடுப்பை வாங்கலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், ரீல்ஸ் பார்க்கலாம். நிற்கிற விதம் மட்டும் விலைக்கு வராது.

எங்களுக்கு ஒலிம்பிக் பதக்கம் வேண்டாம். மாநகரசபை விளையாட்டுத் திடலில் ஒரு மூலையில் வழுவழுப்பான சீமெந்துத் தரை, பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்கும் கட்டாய நீச்சல், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் ஒரு பெட்டை நிற்கக்கூடிய வெளிச்சமுள்ள ஒரு இடம். கேட்கத் தொடங்கவேண்டியவை இவ்வளவுதான்.

அதுவரைக்கும் கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கு இரவு பஸ் இருக்கு. சித்திரை முதல் ஐப்பசி வரை அலை இருக்கும். பேபி பொயின்டில் சின்ன அலையில் பழகலாம். போனால் வெளிநாட்டுக்காரரின் கடையைத் தேடாமல் ஊர்ப் பிள்ளைகளிடம் பழகுங்க, முடிந்தால் பெண்கள் கழகத்தின் ஆட்களைத் தேடுங்க. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்க. முதல் நாள் முழுக்க உப்புத் தண்ணிதான் குடிப்பீங்க. பக்கத்தில் நிற்கிற ஆளும் ஒரு காலத்தில் உடைந்த பலகையில் அதையேதான் குடித்திருப்பார்.